கத்திரி முடியற வரைக்கும்

அந்த பெல்லை அழுத்தி அழுத்தி உங்க விரல்தான் தேயும் தம்பி. தொறக்க மாட்டாங்க. இப்படி வாங்க, இது என் வீடுதான். ஃபேனுக்கு அடியில உக்காருங்க, பையை அந்த ஓரமா வைங்க. ஏசி மெக்கானிக்குதானே? சட்டைப் பையில டெஸ்டரைப் பார்த்ததுமே தெரிஞ்சுபோச்சு. எதிர்வீட்டுத் தணிகாசலம் மெஷினைப் பார்க்கத்தானே வந்தீங்க? நாலு நாளா உங்களுக்காகத்தான் காத்துக்கிட்டிருக்கேன். அவங்க காத்திருந்தாங்களோ இல்லையோ, நான் காத்திருந்தேன்.

மோர் குடிங்க. நானே கரைச்சது, உப்பு கம்மியா இருந்தா சொல்லுங்க. சம்சாரம் சமையல்கட்டுல படுத்திருக்கா. சம்பூர்ணம்னு பேரு. ஈரத்துணியை விரிச்சுப்போட்டு வெறும் தரையில படுத்திருக்கா. முந்தாநாள் அடுப்புகிட்ட நின்னவ அப்படியே சரிஞ்சுட்டா. கிளினிக்குக்குக் கூட்டிட்டுப் போனேன், ஒரு பாட்டில் ஏத்தி அனுப்பினாங்க. டாக்டரம்மா சின்னப் பொண்ணு. 'பிரஷர் இருக்கு ஐயா, இவங்களைக் குளிர்ச்சியான எடத்துல வச்சுக்கங்க, இன்னொரு தடவை இப்படி விழுந்தா ஆபத்து'ன்னு சொல்லுது. வேலூர்ல, கத்திரி வெயில்ல, குளிர்ச்சியான எடத்துக்கு நான் எங்க போவேன்? மோர் குடு, ஈரத்துண்டைப் போடுன்னு அர்த்தம். அது கெடக்கட்டும். நான் உங்களைக் கூப்பிட்டது வேற விஷயத்துக்கு.

ஒரே ஒரு உதவி கேக்கறேன். அந்த மெஷினை இன்னிக்கு ரிப்பேர் பண்ணாதீங்க. பண்ணவே வேணாம்னு சொல்லல. பார்ட்ஸ் சென்னையிலேர்ந்து வரணும், இருபது இருபத்தஞ்சு நாள் ஆகும்னு சொல்லிட்டுப் போயிடுங்க. கத்திரி முடியற வரைக்கும்தான். அதுக்கப்புறம் வந்து நல்லா பண்ணிக் குடுங்க, நானே ஏணியைப் பிடிச்சுக்கறேன். முறைக்காதீங்க. முழுசா கேட்டுட்டு அப்புறம் முடிவு பண்ணுங்க.

என்னை யாருன்னு நெனச்சீங்க? ஏகாம்பரம். பால் பண்ணையில முப்பத்தோரு வருஷம் கூலிங் பிளாண்ட் ஆபரேட்டர். உங்க மாதிரி சுவத்துல மாட்டற பொட்டி இல்ல தம்பி, அமோனியா கம்ப்ரசர், ஒவ்வொண்ணும் ஆளுயரம். பெரிய ஸ்க்ரூ டிரைவரை எடுத்து முனையை மெஷின் மேல வச்சு, கைப்பிடியைக் காதுல வச்சுப்பேன். எந்த பேரிங் தேயுது, எந்த வால்வு சரியா மூடலைன்னு சொல்லிடுவேன். இன்ஜினியருங்க வந்து மீட்டர் போட்டுப் பார்த்து ரெண்டு நாள் கழிச்சு அதையேதான் சொல்லுவாங்க. முப்பத்தோரு வருஷத்துல ஒரு நாள் பால் திரிஞ்சதில்ல. ரிட்டையர் ஆன அன்னிக்கு மேனேஜரே மைக்ல சொன்னாரு.

அந்த என்னைப் பார்த்து இந்த தணிகாசலம் என்ன சொன்னான் தெரியுமா?

போன தை மாசம் ஏசி வாங்கினான். வாங்கட்டும், யார் வேணாம்னா. வெளி யூனிட்டை எங்க மாட்டினான்? என் படுக்கையறை ஜன்னல்லேர்ந்து மூணு அடியில. அவன் வீட்டுச் சூடெல்லாம் என் தலைமாட்டுக்கு வருது. எங்க ஃபிளாட் சங்கத்து மீட்டிங்ல எழுந்து கேட்டேன். மொட்டை மாடியில நாற்காலி போட்டு இருபத்தி நாலு வீட்டுக்காரங்களும் உக்காந்திருக்காங்க. அவன்தான் செகரட்டரி. எழுந்து நின்னு, சிரிச்சுகிட்டே, 'ஏசி வாங்க வக்கில்லாதவங்க வயித்தெரிச்சலுக்கெல்லாம் நான் பதில் சொல்ல முடியாது'ங்கறான். மொத்த மாடியும் சிரிச்சுது. அதுல சம்பூர்ணமும் சிரிச்ச மாதிரி எனக்கு ஒரு சந்தேகம். வீட்டுக்கு வந்து கேட்டேன், இருமினேன்னா.

வக்கில்லாதவனா நான்? நெனச்சா நாளைக்கே நாலு ஏசி மாட்டுவேன். மாட்ட மாட்டேன். முப்பத்தோரு வருஷம் குளிர்ல நின்னு நின்னு என் விரல் மூட்டைப் பாருங்க, மடங்குதா? வீட்டுக்குள்ள அந்தக் குளிர் வரக்கூடாதுன்னு வேலையை விட்ட அன்னிக்கே முடிவு பண்ணிட்டேன். சம்பூர்ணம் ஒரு தடவை கேட்டா. ரெண்டு மூணு தடவைன்னே வச்சுக்கங்க. 'ஒரு சின்னதா, ஒரு ரூமுக்கு மட்டும்'னா. உனக்கு என்ன தெரியும் குளிரைப் பத்தின்னு சொன்னேன். அதுக்கப்புறம் கேக்கறதில்ல. என் பேச்சுக்கு மறுபேச்சு கிடையாது இந்த வீட்டுல.

அந்த மீட்டிங் முடிஞ்ச ராத்திரியே முடிவு பண்ணேன். யானைக்கு ஒரு காலம் வந்தா பூனைக்கு ஒரு காலம் வராமலா போயிடும்? எனக்கு ஒரு வேலையும் இல்ல. அவன் மெஷின் என் காதுகிட்ட ஓடுது. அவனுக்கு உள்ள குளிர்காத்து மட்டும்தான் தெரியும். அதோட நெஞ்சுக்கூடு என் பக்கம் இருக்கு.

மாசி கடைசியில முதல் அறிகுறி. ஓட ஆரம்பிச்சா நிக்கல. நல்ல மெஷின்னா ரூம் குளிர்ந்ததும் தானா நிக்கணும், கொஞ்சம் மூச்சு விட்டுட்டு மறுபடி ஓடணும். உங்களுக்குத் தெரியாததா. இது ஒரேயடியா ஓடிகிட்டே இருந்துது. ரூம் குளிரவே மாட்டேங்குதுன்னு அர்த்தம். அப்புறம் தண்ணி. வழக்கமா அந்த டியூப்லேர்ந்து சொட்டுச் சொட்டா கீழே விழும், பங்குனியில அது பாதியாச்சு. சாயங்காலம் நிறுத்தினதும் பொளபொளன்னு ஒரேயடியா கொட்டும். ஏன்? உள்ள ஐஸ் பிடிச்சிருக்கு. நிறுத்தினா உருகுது. பக்கத்து வீட்டு ஆளு எவனாவது கவனிப்பானா? நான் கவனிச்சேன்.

சித்திரை மூணாந்தேதி காலையில பார்க்கறேன், மெல்லிசு செம்புக் குழாய் மேல வெள்ளையா பனி. விபூதி பூசின மாதிரி. எனக்கு உடம்பெல்லாம் புல்லரிச்சுது தம்பி. அதோட அடி நட்டுகிட்ட எண்ணெய்க் கசிவு, அதுல தூசி ஒட்டி கறுப்பா ஒரு வளையம். கேஸ் போயிகிட்டிருக்கு. வேற ஒண்ணும் இல்ல, அந்த நட்டு சரியா முறுக்கல. ஜன்னல் கம்பி வழியா கையை விட்டா என் ஸ்பானர் எட்டும். அரைத் திருகு. அன்னிக்கு அரைத் திருகு போட்டு, கொஞ்சம் கேஸ் ஏத்தியிருந்தா பத்து வருஷம் ஓடியிருக்கும்.

போடல. ஜன்னலோரம் நாற்காலியை இழுத்துப் போட்டுகிட்டு உக்காந்தேன்.

அதுக்கு ரெண்டு நாள் கழிச்சு மாடிப்படியில தணிகாசலமே என்கிட்ட வந்தான். முகத்துல பழைய சிரிப்பு இல்ல. 'அண்ணே, மெஷின் சத்தம் கொஞ்சம் ஒரு மாதிரி இருக்கே, நீங்க கேட்டீங்களா? உங்களுக்குத் தெரியுமேன்னுதான்'ங்கறான். இப்போ அண்ணன். அன்னிக்கு மாடியில வக்கில்லாதவன். நான் நிதானமா கைப்பிடிச் சுவத்துல சாஞ்சுகிட்டு, 'புது மெஷின்னா அப்படித்தான் இருக்கும், ஓட ஓட செட் ஆயிடும்'னேன். மெஷின் விஷயத்துல என் வாழ்க்கையில நான் சொன்ன முதல் பொய் அது. நம்பிட்டான். தலையை ஆட்டிட்டுப் போறான். அன்னிக்கு ராத்திரி நான் தூங்கின தூக்கம் இருக்கே.

வேடிக்கை என்னன்னா, சம்பூர்ணமும் கேட்டா. 'அது ஏங்க அப்படி முக்குது, ஏதாவது கோளாறா?'ன்னு. ஒரு தடவை இல்ல, மூணு தடவை. எனக்கு ஒரே சந்தோஷம். என் கோபம் அவளுக்கும் ஒட்டிகிச்சு, அவளும் காதைத் தீட்டி வச்சுகிட்டிருக்கான்னு. ஆனா உண்மையைச் சொல்லல. அவ வாயில ஒண்ணும் நிக்காது. அவகிட்டயும் அதையேதான் சொன்னேன், செட் ஆயிடும்னு. இன்னொரு நாள், 'ஏசிக்குள்ள வலை மாதிரி ஒண்ணு இருக்குமாமே, தூசி அடைஞ்சா அதை எப்படிக் கழுவறது?'ன்னா. பொதுவா கேக்கறான்னு விளக்கமா சொன்னேன். குழாய்த் தண்ணியில காட்டணும், பிரஷ் போட்டுத் தேய்க்கக் கூடாது, நெழல்ல காய வைக்கணும்னு. மறுநாள் பார்க்கறேன், எதிர்வீட்டு பால்கனியில ஃபில்டர் நெழல்ல காயுது. தணிகாசலத்துக்கு யார் சொல்லிக் குடுத்தாங்கன்னு எனக்கு இன்னிவரைக்கும் புரியல. ஆனா ஃபில்டரைக் கழுவினா கேஸ் திரும்பி வருமா?

சம்பூர்ணத்தைப் பத்தி ஏன் சொல்றேன்னா, அவ ரொம்ப சாது. அவளுக்குன்னு இருக்கறது ஒரு பாட்டு கிளாஸ்தான். பங்குனியிலேர்ந்து போறா. முருகன் கோயில் மண்டபத்துல ஒரு டீச்சரம்மா சாமி பாட்டு சொல்லிக் குடுக்கறாங்களாம். மத்தியானம் ரெண்டு மணிக்குப் போனா அஞ்சு மணிக்கு வருவா. நல்ல வெயில்ல போறாளேன்னு இருக்கும். ஆனா வரும்போது முகம் தெளிவா இருக்கும், கை ஜில்லுன்னு இருக்கும். கருங்கல் மண்டபம் இல்லையா, அப்படித்தான் இருக்கும். பையில ஸ்வெட்டர்கூட வச்சுப்பா. சித்திரை மாசத்துல ஸ்வெட்டர். கேட்டா, 'மண்டபத்துல குளிருதுங்க'ங்கறா. பாட்டுதான் ஏறல. ரெண்டு மாசமா அதே முதல் பாட்டு, அதுலயும் ரெண்டாவது வரியில மறந்துடறா.

இங்க பாருங்க, அவங்க கஞ்சத்தனத்தை. சித்திரை பாதியிலேர்ந்து ராத்திரியில மெஷின் போடறதையே நிறுத்திட்டாங்க. மத்தியானம் ரெண்டு மணிக்கு முக்கிகிட்டு ஆரம்பிக்கும், அஞ்சு மணிக்கு டாண்ணு நிக்கும். செகரட்டரியாம், பவிசைப் பாருங்க. நான் அந்த மூணு மணி நேரமும் நாற்காலியை விட்டு எழுந்திருக்க மாட்டேன். சம்பூர்ணமும் வீட்டுல இருக்க மாட்டா, தொந்தரவு இல்ல. நிக்கும், பத்து நிமிஷம் கழிச்சு டக்குனு ஒரு சத்தம், மறுபடி முக்கும். கம்ப்ரசர் கொதிக்குது. ஒவ்வொரு தடவை அது முக்கும்போதும் 'வக்கில்லாதவன், வக்கில்லாதவன்'னு எனக்குள்ள ஒரு குரல். சாவு சாவுன்னு நான் வாய்விட்டே சொல்லியிருக்கேன்.

கத்திரி ரெண்டாம் நாள். மூணே கால் மணி. ஒரு நீளமான மூச்சு, அப்புறம் ஒண்ணும் இல்ல. பத்து நிமிஷம் பார்த்தேன், இருபது நிமிஷம் பார்த்தேன். ஒண்ணும் இல்ல. ஸ்க்ரூ டிரைவரை ஜன்னல் வழியா நீட்டி வச்சுக் காதுல கேட்டேன். பிணம். கெடுவான் கேடு நினைப்பான்னு சும்மாவா சொன்னாங்க?

அன்னிக்கு நானே போயி பால் வாங்கிட்டு வந்து பாயசம் வைக்கச் சொன்னேன். சம்பூர்ணம் அன்னிக்கு சீக்கிரமே வந்துட்டா, நாலு மணிக்கே. முகம் செவந்து, வேர்வை வழிய. டீச்சரம்மாவுக்கு உடம்பு சரியில்லையாம், இனிமே எப்போ கிளாஸோ தெரியாதுன்னா. பாயசத்தைக் கிண்டிகிட்டே அழுத மாதிரி இருந்துது. பாட்டுல அவ்வளவு பக்தி. அவ ஒரு வாய்கூடச் சாப்பிடல. அடுப்புச் சூடு, மேல வெயில் சூடு, ரெண்டு நாள் தள்ளி மயக்கம் போட்டுட்டா. விடுங்க.

நாலு நாளா எதிர்வீட்டுல ஆள் நடமாட்டம் இல்ல. பால் பாக்கெட் எடுக்கக்கூட கதவு தொறக்கல. உள்ள சுருண்டு கெடக்கறாங்க தம்பி. ஏசிக்குப் பழகின உடம்பு ஃபேன் காத்துல தூங்குமா? அவன் அந்த வெள்ளைச் சட்டை நனைஞ்சு, விசிறியால விசிறிகிட்டு, 'இந்த ஏகாம்பரத்துகிட்டயே கேட்டிருக்கலாமே'ன்னு புழுங்கணும். நான் கேக்கறதெல்லாம் இன்னும் இருபது நாள். அவன் வந்து இந்த வாசல்ல நின்னு, 'அண்ணே, நீங்க வந்து ஒரு தடவை பாருங்க'ன்னு சொல்லணும். அதுவும் மீட்டிங்ல, மாடியில, எல்லார் முன்னாலயும். அப்போ சொல்லுவேன், வக்கில்லாதவனுக்கு என்னப்பா தெரியும்னு.

என்ன, பையை எடுக்கறீங்க? ஆபீஸ்ல கேப்பாங்களா? சரி, கஸ்டமருக்கு ஒரு போன் அடிச்சுப் பாருங்க, எடுக்கலைன்னா நேரா திரும்பிப் போயிடலாம், பொய்கூடச் சொல்ல வேணாம். அடிங்க. சுவிட்ச் ஆஃபா? பார்த்தீங்களா. இன்னொரு நம்பரும் எழுதியிருக்கா? சரி, அதுக்கும் ஒரு தடவை அடிச்சுடுங்க, மனசாட்சிக்கு.

அட, எங்க வீட்டு போனும் அடிக்குது பாருங்க. சம்சாரத்தோடது. நீங்க பாட்டுக்குப் பேசுங்க, அது உள்ள அவ எடுத்துப்பா.

என்ன தம்பி, என்னையே பார்க்கறீங்க? எடுத்துட்டாங்களா?

இருங்க. உங்க போன்லயும் சம்பூர்ணம் குரலா கேக்குது? குடுங்க அதை. என் கண்ணாடி எங்க. கடைசி நாலு நம்பர் சொல்லுங்க. இது அவ நம்பர் தம்பி. தணிகாசலம் மெஷினுக்கு இவ நம்பர் எதுக்கு?

சம்பூர்ணம், நீ எதுக்கு எழுந்த? சுவத்தைப் பிடிச்சுக்க, தலை சுத்தப் போகுது. கையில என்ன? சாவியா? எந்த வீட்டுச் சாவி?

எதிர்வீட்டுச் சாவி உன்கிட்ட எப்படி வந்துது?

என்ன சொல்ற? அவங்க ஊர்லயே இல்லையா? பெங்களூர்ல பொண்ணுக்குப் பிரசவம்னு பதினஞ்சு நாளா அங்கதான் இருக்காங்களா? அப்போ மத்தியானத்துல யாரு ஓட்டினா? ரெண்டு மணியிலேர்ந்து அஞ்சு மணி வரைக்கும்.

நீயா?

தம்பி, நீங்க உக்காருங்க, போகாதீங்க. கோயில் மண்டபம்னியேடி. டீச்சரம்மான்னியே. பங்குனியிலேர்ந்தே போறியா? மாடிப்படியில ஒரு நாள் மயக்கமா உக்காந்திருந்தியா? தூக்கிட்டுப் போயி தன் ரூம்ல படுக்க வச்சது தணிகாசலம் பொண்டாட்டி குணவதியா? தினமும் வந்து படுத்துக்கங்கன்னு சொன்னாங்களா? ஊருக்குப் போகும்போது, 'வெயில் காலம் முழுக்க உங்க வீடுன்னு நெனச்சுக்கங்க அக்கா'ன்னு அவன்தான் சாவியைக் குடுத்தானா? அவனேவா குடுத்தான்?

என்கிட்ட ஏன் சொல்லல? சொன்னா விட்டிருப்பேனான்னா, அது எப்படி, நான் விட்டிருக்க மாட்டேன்தான்.

எல்லாத்தையும் கேட்டுகிட்டா படுத்திருந்த? நான் இந்தத் தம்பிகிட்ட சொன்னது எல்லாம்?

அப்படிப் பார்க்காத.

கேளுங்க தம்பி, இவ என்ன சொல்றான்னு. 'செட் ஆயிடும்னு நீங்க சொன்னதை நம்பித்தான் நானும் அவங்களுக்குச் சொன்னேன். குணவதி ஊருக்குப் போறதுக்கு முன்னாடி மெக்கானிக்கை வரவழைக்கறேன்னுதான் சொல்லிச்சு. வேணாம்மா, எங்க வீட்டுக்காரர் சொன்னா அது சரியாத்தான் இருக்கும், பால் பண்ணையில முப்பத்தோரு வருஷம் இருந்தவருன்னு நான்தான் தடுத்தேன்'ங்கறா.

நீயா தடுத்த.

எங்க கெளம்பிட்ட? இந்தத் தம்பியை அங்க கூட்டிட்டுப் போறியா? சரி. சரி, போ. மெதுவா நட. தம்பி, அவ கையைக் கொஞ்சம் பிடிச்சுக்கங்க. ஒரு நிமிஷம் நில்லுங்க. வெளி யூனிட்டுல மெல்லிசு குழாயோட அடி நட்டைப் பாருங்க முதல்ல. கறுப்பா எண்ணெய் வளையம் இருக்கும், அங்கதான் லீக். அதை முறுக்கிட்டு கேஸ் ஏத்துங்க. கம்ப்ரசர் எரிஞ்சிருக்காது, சூட்டுல அடைச்சுகிட்டு நிக்குது அவ்வளவுதான். எரிஞ்சிருக்கக் கூடாது. நான் வேணா ஜன்னல் வழியா ஸ்பானரை நீட்டவா? இன்னிக்கே பண்ணிடுங்க தம்பி. நான் முன்னாடி சொன்னதை விட்டுடுங்க. நான்தான் சொன்னேன்னு தணிகாசலத்துகிட்ட மட்டும் சொல்லாதீங்க.

சம்பூர்ணம், இந்தா. ஸ்வெட்டரை மறந்துட்டுப் போறியே. வாங்கிக்க.

உள்ள போயி கதவை ஏன் சாத்தற? நான் இன்னும் வாசல்லதானே நிக்கறேன். சம்பூர்ணம், மெஷினே இன்னும் ஓடலையே, அதுக்குள்ள எதுக்குக் கதவைச் சாத்தற?